பதவிக்கேற்ற குண்டு

என் வீட்டுக்காரர் சமையலறைச் சுவருக்குப் பெயிண்ட் அடித்த மறுநாள்தான் துப்பாக்கிச் சுடுதேர்வுக்கு வரச்சொல்லி வாரியத்திலிருந்து ஆள் வந்தது. அந்தப் பெயிண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "சுவரெல்லாம் கரி பிடிச்சுக் கிடக்கு, ஒரு கை பெயிண்ட் அடிங்க" என்று கரடியாகக் கத்தியிருக்கிறேன். மனிதர் வாசலில் சைக்கிள் ரிப்பேர் கடை போட்டிருக்கிறார். ஊரில் உள்ள பஞ்சரையெல்லாம் ஒட்டுவார், சொந்த வீட்டுச் சுவரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள் பெயிண்ட் டின்னும் கையுமாக வந்து நின்றார். திறந்து பார்த்தால் கிளிப்பச்சை. அடித்து முடித்தபிறகு அடுப்பைப் பார்க்கவே கண் கூசியது.

"எப்படி இருக்கு?" என்றார் அவர், பெருமை தாங்காமல். "இன்னும் அரை டின் மிச்சம் இருக்கு. ஹாலுக்கும் அடிச்சிடவா?"

"ஹால்ல கையை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன்.

அந்த வீடு எங்களுடையதல்ல. நீர்நிலைக் காவல் வாரியத்துடையது. நான் அந்த வாரியத்தின் அணைக்கட்டுக் காவலாளி. மதகுப் பக்கம் குளிக்க வருகிறவர்களையும் தூண்டிலோடு வருகிறவர்களையும் விரட்டுவது என் வேலை. தோளில் துப்பாக்கி தொங்கும், ஆனால் விரட்டுவதற்கு என் வாயே தாராளம். இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை தலைமையகத்துக்குப் போய்ச் சுட்டுக் காட்டவேண்டும். தேறினால் அணை, வீடு, வாசலில் சைக்கிள் கடை. தோற்றால் நகரத்துக் கிடங்கில் மூட்டைக்குக் காவல், வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கேயாவது வாடகைக்குப் போகவேண்டியதுதான். நான் இதுவரை தோற்றதில்லை. என் அம்மா என்னைப் பெற்றதே குறிபார்க்கத்தான் என்று வீட்டுக்காரர் சொல்வார். எதை எறிந்தாலும் அவர்மேல் சரியாகப் படுமாம்.

இந்த வருஷம் ஒரே ஒரு மாற்றம். என் பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு புதுத் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது. குழல்மேல் ஏழு என்று பொறித்திருந்தது. ஏதோ ராசியான எண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சுடுதளத்தில் ஐந்து தோட்டா கொடுத்தார்கள். குறி பார்த்தேன், மூச்சைப் பிடித்தேன், விசையை அழுத்தினேன். டமார். தூரத்தில் அட்டைக்குப் பாதி வழியில், அந்தரத்தில், லேசாக ஒரு சாம்பல் புகை 'புஸ்'ஸென்று தெரிந்து மறைந்தது. அட்டையில் ஒன்றுமில்லை. இன்னொன்று சுட்டேன். மறுபடியும் அதே புகை. ஐந்தும் சுட்டு முடித்தேன். கொண்டுவந்து காட்டினார்கள். கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிவந்ததுபோல் அட்டை சுத்தமாக இருந்தது.

மதிப்பெண் போடும் அதிகாரி அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். "நீங்க எப்பம்மா சுடப் போறீங்க?" என்றார்.

"சார், சுட்டு முடிச்சுட்டேன். அஞ்சும் போயிடுச்சு."

"ஓட்டை எங்கே?"

"அதான் சார் எனக்கும் புரியலை. நடுவுல ஏதோ புகை வந்துச்சு..."

"மார்க் ஓட்டைக்குத்தான். புகைக்கு மார்க் கிடையாது" என்று சொல்லிவிட்டு யோசித்தார். "குறி தவறியிருந்தா அட்டையோட ஓரத்திலயாவது, பலகையிலயாவது ஓட்டை இருக்கணும். எங்கயுமே இல்லைன்னா, நீங்க சுடவே இல்லைன்னு அர்த்தம். சுடலைன்னா குண்டு உங்ககிட்டதான் இருக்கணும். கொடுங்க."

"என்னத்தைக் கொடுக்க?"

"குண்டை."

நான் கீழே கிடந்த வெற்று உறைகளைப் பொறுக்கிக் காட்டினேன். சத்தம் எல்லாருக்கும்தானே கேட்டது என்றேன். தோளைத் தொட்டுக் காட்டி, பின்னுதை வாங்கி வலிக்கிறது சார் என்றேன்.

"உறை பித்தளைப் பிரிவு. தோள்பட்டை மருத்துவப் பிரிவு. சத்தத்துக்கு இன்னும் பிரிவு ஏற்படுத்தலை" என்றார். பிறகு தலையிலிருந்த நீலத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு சிவப்புத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். முகமே மாறிவிட்டது. "இப்ப நான் விசாரணை அதிகாரி. அஞ்சு குண்டு களவு போனதா உங்கமேல புகார் வந்திருக்கு."

"யாரு சார் புகார் கொடுத்தது?"

"அந்தத் தொப்பி" என்று நீலத்தைக் காட்டினார். "நல்ல மனுஷன், பொய் சொல்ல மாட்டார். கேட்டுக்கோங்க. விசாரணை முடியற வரைக்கும் நீங்க வேலையும் மாறக் கூடாது, வீடும் மாறக் கூடாது. ஒரு சட்டி பானைகூட வீட்டை விட்டு நகரக் கூடாது. குண்டை மறைச்சு வெச்சிருக்கிற இடம் கலைஞ்சிடும் பாருங்க."

மானமே போய்விட்டது. கூட வந்து தலைமையக வாசலில் காத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அஞ்சு குண்டைத் திருடினியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார். இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

விடுவேனா நான்? குண்டு கொடுத்தவர்களையே கேட்போம் என்று நேராகத் தோட்டாப் பிரிவுக்குப் போனேன். அதன் தலைவி ஒரு மேடம். தங்கமான பெண்மணி, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டார். நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் கலகலவென்று சிரித்துவிட்டார்.

"பொடியாயிடுச்சா? ஆகத்தானே செய்யும்! குழலுக்குள்ள சுருள் சுருளா வரி இருக்கும்மா. குண்டு அதுல உரசிக்கிட்டே பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டு வெளிய வரும். உன் புதுக் குழல்ல அந்தச் சுத்து ரொம்ப வேகம், ஏழு அங்குலத்துக்கு ஒரு சுத்து. உனக்குக் கொடுத்ததோ மெல்லிசுத் தோல் போட்ட லேசான குண்டு. அந்த வேகத்துல சுத்தினா தோல் கிழிஞ்சு அந்தரத்துலயே தூளாயிடும். டப்பாமேலயே போட்டிருக்கே, பாரு."

டப்பாவைக் காட்டினார். கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு பெட்டி இல்லை, அடுக்கியிருந்த அத்தனை பெட்டியிலும் போட்டிருந்தது.

"தெரிஞ்சேவா மேடம் கொடுத்தீங்க?"

"தெரியாம கொடுத்தா அது அலட்சியம். இந்தப் பிரிவுல அலட்சியத்துக்கு இடமே கிடையாது" என்றார் மேடம், கொஞ்சம் புண்பட்டுப்போய்.

"என் குழலுக்கு எது சரியா வரும்?"

"எண்பது கிரெயின் எடையுள்ள குண்டு. நல்லா நீளமா, கனமா இருக்கும். அந்த வேகத்துக்கு அது ஜம்முனு போகும்."

"அதையே கொடுத்திருக்கலாமே!"

மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஏம்மா, குண்டோட கனம் பதவிக்குத் தக்கதும்மா. எண்பது இயக்குநருக்கு மட்டும். அடுத்த படிக்கு எழுபது, அதுக்கும் கீழே அறுபது. இப்படியே இறங்கி வந்தா காவலாளிக்கு நாப்பது. உனக்கே எண்பதைக் கொடுத்துட்டா அவருக்கு நான் என்ன கொடுப்பேன்? பீரங்கிக் குண்டா? ஒரு மனுஷன் அரும்பாடு பட்டு மேல வர்றதே ரெண்டு கிரெயின் கூடக் கிடைக்கும்னுதானே!"

சரி, குண்டு மாறாது, குழலையாவது மாற்றிக்கொள்ளலாம் என்று எதிர் அறைக்குப் போனேன். அது குழல் பிரிவு. அதன் தலைவர் வெற்றிலைப்பெட்டி அளவுக்கு ஒரு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்பூன் இருந்தது. ஒன்று எதிர் அறை மேடத்துக்காம்.

"என் பழைய துப்பாக்கியையே திருப்பிக் கொடுத்துடுங்க சார். அதுல லேசான குண்டு நல்லாப் போச்சு."

"போகும் போகும், ஏன் போகாது? பன்னண்டு அங்குலத்துக்கு ஒரு சுத்து. நிதானமான சுத்து. லேசான குண்டுக்கு அமிர்தம் மாதிரி" என்று கண்ணை மூடி ரசித்தார். "ஆனா அதெல்லாம் இப்ப மூத்தவங்களுக்கு. பழசுக்கு ஒரு கௌரவம் வந்துடுச்சும்மா. இயக்குநர் ரூம்ல பாத்தீங்கன்னா எல்லாம் பழைய மர வேலைப்பாடு. புதுசு எல்லாம் சின்னவங்களுக்கு."

"அந்த நிதானமான சுத்துல அவரோட நீளமான குண்டு நிலையா நிக்குமா சார்? குட்டிக்கரணம் அடிக்காதா?"

"பேஷா அடிக்கும். பக்கவாட்டுலதான் போய் விழும், யாரு இல்லைன்னா? ஆனா என் பிரிவு குழல் வாயோட முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் குண்டு நிக்குதா, படுக்குதான்னு நான் எட்டிப் பாத்தா அது அத்துமீறல்."

"எதிர் ரூம் மேடத்தோட ஒரு வார்த்தை பேசினா தீர்ந்து போற விஷயம்தானே சார் இது?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "நாங்க தினம் ஒண்ணாத்தான் சாப்பிடறோம். அவங்க பொண்ணு படிப்பு, என் முட்டிவலி, எல்லாம் பேசுவோம். ஆபீஸ் விஷயம் மட்டும் மூச்சு விட மாட்டோம். ஒரு பிரிவோட ரகசியம் இன்னொரு பிரிவுக்குப் போகக் கூடாதுங்கறது விதி. குண்டையும் குழலையும் பொருத்திப் பாக்க ஒரு குழுகூடப் போட்டிருக்காங்க. நானும் அவங்களும்தான் அதுல ரெண்டு உறுப்பினர். பேசக் கூடாதுங்கறதால கூட்டம் அமைதியா நடக்கும். போன கூட்டத்துல எனக்குத் தூக்கமே வந்துடுச்சு."

இதற்குமேல் அங்கே நின்றால் அந்த டப்பாவை எடுத்து அவர் தலையில் கவிழ்த்துவிடுவேன் என்று பயந்து வெளியே வந்தேன். கேடுகெட்ட இடத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாமல் இருந்தது, இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன புண்ணியம்? வீடு போகப் போகிறது. வீட்டுக்கு வந்து கிளிப்பச்சைச் சுவரைப் பார்த்தால் அழுகையாக வந்தது. அது வரும்போதே கொஞ்சம் அழுகையாக வந்த நிறம்தான், இப்போது வேறு அழுகை.

விசாரணைக்கு இயக்குநரே வந்தார். சிவப்புத் தொப்பி அவருக்குக் குடை பிடித்தார். நடந்ததை நடந்தபடியே மறுபடி நடத்திப் பார்ப்பதாக முடிவு செய்திருந்தார்கள். நான் மறுபடியும் ஐந்து குண்டு சுடவேண்டும். ஓட்டை விழுந்தால் நான் சுடக்கூடியவள் என்று ஆகும், களவுப் புகார் போகும், மதிப்பெண்ணும் இதையே வைத்துப் போடுவார்கள். குடும்பத்தின் சார்பில் சாட்சியாக என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். மனிதர் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலரில் ஒரு பொட்டு கிளிப்பச்சை.

"முதல்ல சுடறதுன்னா என்னன்னு இந்த அம்மா பாக்கட்டும்" என்றார் இயக்குநர். தன் பழைய துப்பாக்கியைத் தடவிக்கொடுத்து, கனமான தன் குண்டுகளைப் போட்டு ஐந்தும் சுட்டார். அட்டை வந்தது. ஐந்து ஓட்டை. ஒன்றுகூட உருண்டையாக இல்லை. எல்லாம் நீளநீளமாக, சாவித் துவாரம் மாதிரி. குண்டு படுத்துக்கொண்டே போய் இடித்திருக்கிறது. ஒன்று இந்த மூலை, ஒன்று அந்த மூலை.

எல்லாரும் கை தட்டினார்கள். மேடம் எழுந்து நின்று தட்டினார்.

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர். "மூக்கை நீட்டிக்கிட்டு நேராப் போறது ஊசிகூடத்தான் போகும். அதுல என்ன இருக்கு? என் குண்டு பாருங்க, முழு உடம்போட போய் நிக்குது. எதையும் மறைக்கலை. ஒரு ஓட்டை எத்தனை வட்டத்தைத் தொடுது! நான் பதவிக்கு வந்ததும் கொண்டுவந்த முதல் சீர்திருத்தம் அதுதான். தொட்ட வட்டம் எல்லாம் கணக்குல சேரும்."

நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு அதிகாரி கூட்டிப் பார்த்தார். ஐம்பதுக்கு அறுபத்து மூன்று.

"போன வருஷம் அறுபத்தி ஏழு" என்றார் இயக்குநர் அடக்கமாக. "வயசாகுதில்லையா?"

அடுத்து என் முறை. தோட்டா நீட்டிய கை மேடத்துடையது. வாங்கியதும் தெரிந்தது. கனமாக இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் பயந்துபோய் இயக்குநரைப் பார்த்தார்.

"விசாரணை என் பேர்ல நடக்குது" என்றார் இயக்குநர். "என் பேர்ல நடக்கற எதுலயும் லேசான குண்டு இருக்கக் கூடாது. எண்பதே கொடுங்க. அந்த அம்மாவும் ஒரு நாளைக்கு அனுபவிச்சுப் பாக்கட்டும், பாவம்."

எனக்கு உள்ளுக்குள்ளே குதியாட்டம். வேகச் சுற்றுக் குழல், கனமான குண்டு! அந்தக் கட்டடத்தின் சரித்திரத்திலேயே முதல் முறையாக இரண்டும் சேர்ந்திருந்தன, அதுவும் தவறிப்போய். சுவரை நினைத்துக்கொண்டேன், வாசல் கடையை நினைத்துக்கொண்டேன். முதல் குண்டு போன சுகமே தனி. புகையில்லை, பொடியில்லை. அட்டையின் நடுவில் சின்னதாக ஒரு புள்ளி. அதையே பார்த்து இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. என் ஆயுசில் அப்படிச் சுட்டதில்லை, இனிமேல் சுடப்போவதுமில்லை.

அட்டை வந்தது. நட்டநடுவில் ஒரே ஒரு ஓட்டை. ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் போயிருந்தன. ஓரம் மட்டும் லேசாகப் பிசிறியிருந்தது. "அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நீலத் தொப்பி அதில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "ஒண்ணு" என்றார்.

"சார், அஞ்சும் அதுக்குள்ளதான் போயிருக்கு!"

"மார்க் ஓட்டைக்குத்தான்னு அன்னிக்கே சொன்னேன். ஓட்டை ஒண்ணு, மார்க் பத்து. தேறலை." இயக்குநர் கையெழுத்துப் போட்டார். நீலத் தொப்பி கழன்றது, சிவப்பு ஏறியது. "குண்டு கொடுத்தது அஞ்சு, ஓட்டை ஒண்ணு. மிச்சம் நாலு எங்கம்மா?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நான் கருணை இல்லாதவன் இல்லை. இந்த அம்மாவுக்குச் சுடத் தெரியுது, ஒரு தடவையாவது. அதனால போன தடவை காணாமப் போன நாப்பது கிரெயின் குண்டு அஞ்சையும் தள்ளுபடி பண்றேன். அது கீழ்மட்டத்துச் சரக்கு. ஆனா இது என் குண்டு. எண்பது கிரெயின். இதைத் தள்ளுபடி பண்ண எனக்கே அதிகாரம் கிடையாது, அமைச்சரைத்தான் கேக்கணும். அவரை இதுக்குப் போய்த் தொந்தரவு பண்ண முடியாது. தேடுங்க!"

அத்தனை பேரும் தேடினார்கள். மேடம் மேஜைக்கடியில் தேடினார். குழல் பிரிவுத் தலைவர் என் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். ஒருவர் இயக்குநரின் குடையை விரித்து உதறினார். அட்டைக்குப் பின்னால் மட்டும் யாரும் போகவில்லை, அந்த மண்மேடு பூந்தோட்டப் பிரிவைச் சேர்ந்ததாம்.

"கிடைக்கிற வரைக்கும் விசாரணை நிலுவையில இருக்கும்" என்று சிவப்புத் தொப்பி என்னிடம் கடுகடுத்தார். "அதுவரைக்கும் நீங்க வீட்டை விட்டு நகரக் கூடாது, வேலையும் மாறக் கூடாது. இனிமே உங்க கையில குண்டு கொடுக்கவும் கூடாது, அதனால தேர்வும் கிடையாது. குண்டு கிடைச்ச மறுநாளே சாமானைக் கட்டிக்கிட்டுக் கிடங்குக்குக் கிளம்பிடணும், தெரியுதா?"

நான் திருதிருவென்று விழித்தேன். அவர் சொன்னதை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கிடைத்தால்தான் வீடு போகும். கிடைக்காவிட்டால்...

அந்த நேரம் பார்த்து மண்மேட்டிலிருந்து ஒரு குரல். என் வீட்டுக்காரர்! சைக்கிள் கடைக்காரருக்குப் பிரிவாவது ஒன்றாவது, நேரே அட்டைக்குப் பின்னால் போய், முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டையைப் பாக்கெட் திருகுளியால் நோண்டியிருக்கிறார். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார். ஐந்து குண்டும் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டி ஒரே கட்டியாக அந்தக் கைக்குள் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"ஏம்மா! கிடைச்சி..."

அவர் காலை என் பூட்ஸால் ஓங்கி மிதித்தேன். மனிதர் ஒற்றைக் காலில் குதித்தார்.

"என்ன கிடைச்சுது?" என்றார் இயக்குநர்.

"சுளுக்கு சார்" என்றேன். "அவருக்கு அடிக்கடி கிடைக்கும்."

அன்று வரைக்கும் நான் வாரியத்தின் ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. திருடாதபோது திருடி என்றார்கள். சரி, அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்று அந்தக் கட்டியை அவர் சட்டைப்பையிலேயே வைத்துப் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, அதற்குக் கிளிப்பச்சை அடித்துக் கடையில் நட்டு போல்ட்டோடு போட்டதுதான். நானே எதிர்த்துப் பேசவில்லை.

இப்போது வருஷத்துக்கு ஒரு முறை சிவப்புத் தொப்பி சோதனை போட வருகிறார். அரிசிப் பானையில் கை விடுகிறார், தலையணையை அமுக்கிப் பார்க்கிறார், பிறகு கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அறிக்கை எழுதுகிறார். போன முறை அணைக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. தாளெல்லாம் பறந்தது. கைக்கு எட்டியதை எடுத்து அதன்மேல் வைத்தார். 'குண்டுகள் கிடைக்கவில்லை' என்ற வரியின்மேல் எங்கள் கிளிப்பச்சைக் கட்டி உட்கார்ந்திருந்தது. எனக்கு உயிரே போய் வந்தது.

அவர் அதைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "சின்னதா இருந்தாலும் நல்ல கனம்மா. இயக்குநர் மேஜையில இந்தக் கேஸ் தாளெல்லாம் பறந்துக்கிட்டே இருக்கு. லேசா எதையாவது கொண்டுபோய் வெச்சா அவருக்குப் பிடிக்காது, உங்களுக்குத்தான் தெரியுமே. இதை எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கங்க சார்" என்றேன். "அது அவருக்குப் போக வேண்டியதுதான்."

அவர் பஸ் ஏறிய தூசு அடங்குவதற்குள் வீட்டுக்காரர் உள்ளே ஓடிப்போய் அந்தப் பழைய டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திருகுளியால் நெம்பிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"ஹாலுக்கும் அடிச்சிடவா?"

"அடிங்க" என்றேன். "எங்கே போகப் போறோம்?"